கல் வைக்கிறவள்

என் தங்கை விஜயராணிக்கு வலது கைச் சுண்டுவிரலில் நகம் கிடையாது. பக்கத்து விரலின் நகமும் கறுத்துப்போய் அரைகுறையாகத்தான் வளரும். நாற்று நட்ட கை, சோப்பு கம்பெனியில் பெட்டி அடுக்கிய கை. ஆனால் இந்த அடையாளம் அந்த வேலைகளில் வந்ததில்லை. அவள் புருஷன் அன்புராஜின் பிக்கப் வண்டிக்குக் கல் வைத்ததில் வந்தது. அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல் வைப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேட்டில் நிறுத்திய வண்டி உருளாமல் இருக்க ஹேண்ட் பிரேக் என்று ஒன்று உண்டு. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற லிவரை இழுத்துப் போட்டால் பின்சக்கரம் இரண்டையும் அது பிடித்துக்கொள்ளும். எங்கள் பாகூர், வில்லியனூர் பக்கமெல்லாம் வயலும் ரோடும் ஒரே மட்டம். ஏரிக்கரையையும் ஆற்றுப் பாலத்தையும் விட்டால் மேடு ஏது? அதனால் இங்கே பாதிப் பேர் அந்த லிவரைத் தொடுவதே இல்லை. கியரில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். மேடாக இருந்தால் சக்கரத்துக்கு ஒரு கல். டிரைவர் கால் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார். கூட வருகிறவர் குதித்து இறங்கி, பின்னால் ஓடி, குனிந்து, சக்கரத்தின் அடியில் கல்லைச் செருகி, "வச்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் டிரைவர் காலை எடுப்பார். எடுத்ததும் வண்டி ஒரு விரற்கடை பின்னால் வந்து கல்லின்மேல் சாயும். அந்த விரற்கடைக்குள் கை இருக்கக் கூடாது.

அன்புராஜ் வண்டியில் கூட வருகிறவர் என் தங்கைதான். அவளுக்குக் 'கிளீனர் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

கரியமாணிக்கத்தில் எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். விஜயராணி படிப்பை நிறுத்திவிட்டு நடவுக்குப் போனாள், பிறகு சோப்பு கம்பெனிக்குப் போனாள். கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேனை ஓட்டியவன் அன்புராஜ். வேனில் இடமே இல்லாத நாளிலும் இவளுக்கு மட்டும் ஒரு சீட் காலியாக இருக்குமாம். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது நான் குதித்தேன். பிறகு பையனைப் போய்ப் பார்த்தேன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சிரித்தால் வாயெல்லாம் பல். சரி போ என்று நானே முன்னால் நின்று கல்யாணத்தை முடித்தேன்.

பின்னாளில் கடலோரத்து நல்லவாட்டு மீன் வியாபாரி ஒருவரிடமிருந்து அவன் ஒரு பழைய பிக்கப்பை வாங்கினான். சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லை. "நான் வரேன்யா" என்று கம்பெனி வேலையை விட்டுவிட்டு இவள் வண்டி ஏறினாள். உர மூட்டை, கல்யாணப் பாத்திரம், கரும்பு வெட்டுகிற ஆட்கள் என்று எதை ஏற்றினாலும் இடது பக்கச் சீட்டில் அவள் இருப்பாள், அவள் காலடியில் அந்தக் கருங்கல் இருக்கும். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்கும்போது கல்லுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள்.

"ராணி வச்ச கல்லு நகராது மச்சான்" என்று அன்புராஜ் பெருமை பேசுவான். நகம் போன அன்று மாலைகூட இதையேதான் சொன்னான். சங்கராபரணி ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் அவள் "வச்சாச்சு" என்று சொல்லும் முன்னாலேயே காலை எடுத்துவிட்டான். கண்ணாடி வளையல் தூளாகி, விரல் நசுங்கியது. எலும்பு தப்பியது அவள் செய்த புண்ணியம். நான் அவனை அன்று கேட்காத கேள்வியில்லை. அவனும் அழுதான். கட்டுப் பிரித்ததும் இவள் மறுபடியும் கல்லைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டாள்.

"அந்த ஹேண்ட் பிரேக்க சரி பண்ணித் தொலையேன் மாப்ள" என்பேன்.

"எஃப்.சி. வரட்டும் மச்சான்" என்பான்.

எஃப்.சி. என்றால் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டித் தகுதிச் சான்று வாங்குகிற நாள். அதற்கு முதல் நாள் லிவருக்குக் கீழே இருக்கிற நட்டை இறுக்கி முறுக்குவான். மறுநாள் பிரேக் பிடிக்கும், சான்று கிடைக்கும். அதற்கடுத்த நாள், சக்கரம் உரசுகிறது, டீசல் குடிக்கிறது என்று நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடுவான். இப்படியே வருஷங்கள் போயின, ஒவ்வொரு தடவையும் நட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறியது.

நான் கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை பார்க்கிறவன். வயலும் ரோடும் ஒரே மட்டம் என்று மேலே சொன்னேனே, அது கண்ணுக்குத்தான். எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்கிறது என்று குழாயைத் திறக்கிறவனைக் கேளுங்கள், சொல்வான். அன்புராஜ் வீட்டு வாசலிலிருந்து தெருக் குழாய் வரைக்கும் ஒரு சாய்வு உண்டு. நடக்கிறவருக்கு அது தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். வண்டிச் சக்கரத்துக்கும் தெரியும் என்று ஒரு காலையில் புரிந்தது.

விடிந்ததும் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனேன். பிக்கப் வீட்டு வாசலில் இல்லை. தெருவை அளந்துகொண்டு மெதுவாகவே இறங்கிப் போயிருக்க வேண்டும், யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. குழாயை வளைத்துச் சாய்த்து, குடம் வைக்கிற சிமென்ட் மேடைமேல் பின்பக்கம் ஏறி நின்றது. ராத்திரி வண்டியைத் தள்ளி ஓரம் கட்டியவன் கியரில் போடாமல் நியூட்ரலிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்த மேடையைச் சுற்றிப் பொம்பளைகள் குடத்தோடு நின்றிருப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அவன் கதவை உதைத்தேன்.

"கொழாதான மச்சான், நானே மாத்தித் தரேன்" என்றான், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"கொழாவாடா? ஒரு உசுரு போயிருந்தா இன்னாடா மாத்தித் தருவ?"

உள்ளேயிருந்து அவர்கள் மகள் பிரியதர்ஷினி எட்டிப் பார்த்தாள். காலேஜில் முதல் வருஷம் படிக்கிற பெண். "மாமா சொல்றது கரெக்ட்டுப்பா" என்றாள். மகள் சொன்னால் அன்புராஜுக்கு அப்பீல் கிடையாது. அன்றைக்கே வண்டியை மதகடிப்பட்டுக்கு விட்டோம்.

மதகடிப்பட்டில் மரியதாஸ் பட்டறை. மனிதருக்குத் திட்டுவதற்கு மட்டும்தான் வாய் திறக்கும். ஏறி உட்கார்ந்து லிவரை இழுத்தார். அது எந்தப் பிடியும் இல்லாமல் அவர் மார்பு வரைக்கும் வந்தது.

"வாளி அறுந்த கயிறு மாரி வருது. யாரு வண்டி இது முன்ன?"

"நல்லவாட்டுல மீன் ஏத்துன வண்டிண்ணா" என்றான் அன்புராஜ். "கேபிள மட்டும் டைட் பண்ணிக் குடுங்க போதும்."

"நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?"

பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். அன்புராஜை லிவரை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சக்கரங்களைக் கையால் சுற்றினார். வலது சக்கரம் முனகிக்கொண்டு சுற்றியது. இடது சக்கரம் ராட்டினம்போல் சுற்றிக்கொண்டே இருந்தது. லிவருக்கும் அந்தச் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைத் தட்டினார். சிவப்பாகத் துருத்தூள் கொட்டியது. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் ஒழுகி, லிவரிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கேபிள் அதன் உறைக்குள்ளேயே இறுகிப்போயிருந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங் தொட்டதும் ஒடிந்தது. பிறகு லிவருக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். நட்டு மரையின் கடைசிக்கே வந்து நின்றது.

"யாருடா இத இவ்ளோ முறுக்குனது?"

அன்புராஜ் தலையைச் சொறிந்தான்.

"சக்கரத்துல கோளாற வச்சிக்கினு லிவருக்குக் கீழயே முறுக்கிக்கினு இருந்தா எப்டிப் புடிக்கும்? இது பிரேக்கே இல்லடா, பொம்மை. இத்தினி நாளா பொம்மைய வச்சிக்கினு ஓட்டிக்கினு இருந்திருக்க."

இரண்டு பக்கக் கேபிளையும் மாற்றினார். துருவைச் சுரண்டி, டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங்கைப் புதிதாகப் போட்டு, முதலில் சக்கரத்துக்குள்ளே இடைவெளியைச் சரிசெய்துவிட்டுக் கடைசியில்தான் கேபிளைத் தொட்டார். இப்போது லிவரை இழுத்தால் கடகடவென்று பல் பல்லாக ஏறி ஐந்தாவது பல்லில் நின்றது. அதோடு விடவில்லை. காலி வண்டி எதிலும் நிற்கும் என்று சொல்லி, மணல் மூட்டைகளை ஏற்றி, வாய்க்கால் பாலத்துச் சரிவுக்குக் கொண்டுபோனார். பழக்கம் விடுமா, விஜயராணி கல்லோடு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"யம்மா, இந்தப் பக்கம் வா. பின்னால நிக்காத" என்று அதட்டினார்.

கல்லை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு அவள் ஓரமாக வந்தாள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை விட்டார் மரியதாஸ். வண்டி இம்மியும் நகரவில்லை. அன்புராஜ் கை தட்டினான். அவள் இடுப்பிலிருந்த கல்லை வாங்கி வாய்க்காலில் வீசினான். "இனிமே நீ எறங்கவே வாணாம்டி. மகாராணி மாரி ஒக்காந்து வா" என்றான். அவளும் சிரித்தாள். ஆனால் கல் விழுந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம்! அந்தக் கை இனி சக்கரத்துக்கு அடியில் போகாது. மரியதாஸ் காலில் விழாத குறை.

கிளம்பும்போது அவர் அன்புராஜிடம், "வண்டி சரியாப் போச்சு. இனிமே நீ சரியாவணும். நிறுத்துனா கை தானா லிவருக்குப் போவணும், சொல்ட்டேன்" என்றார். அவன் போனில் யாரிடமோ வாடகை பேசிக்கொண்டே தலையை ஆட்டினான்.

முதலில் கொஞ்ச நாள் ஒரே ஆர்ப்பாட்டம். எங்கே நிறுத்தினாலும், "இப்ப பாரு" என்று சொல்லி லிவரை இழுப்பான். டீக்கடையில் நிற்கிறவனைக் கூப்பிட்டு, "தள்ளிப் பாருடா" என்பான். கியரில் விடுகிற வழக்கத்தையே விட்டுவிட்டான். பிரேக் இருக்கும்போது கியர் எதற்கு என்று கேட்டான்.

எனக்கு இது நல்லதாகப் படவில்லை. விஜயராணிக்கும் படவில்லை. வண்டி நின்றதும் அவள் கால் தானாகக் கதவுக்கு வெளியே போகும். "ஒக்காருடி" என்று அவன் சிரிப்பான். "ஒக்காந்தா இன்னாவோ மாரி கீதுண்ணா. எதையோ வுட்டுட்ட மாரியே கீது" என்று என்னிடம் சொன்னாள். முன்பெல்லாம் வண்டியில் எந்நேரமும் பேச்சும் சண்டையுமாக வருகிறவள், இப்போது அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாகூர் கடைத்தெருவில் ஒரு நாள் அவன் வண்டி ஆளில்லாமல் நின்றது. கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். லிவர் கீழே கிடந்தது. அவன் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"போட்டனே மச்சான்" என்றான். பிறகு தானும் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க இன்னா மேடா கீது?" என்றான்.

இடது கையால் லிவரை இழுக்கிற பழக்கம் அவனுக்கு எப்போதுமே இருந்ததில்லை. நின்றால் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, அவள் குரலுக்குக் காத்திருந்து, இறங்கிப் போவதுதான் அவனுக்குத் தெரிந்த டிரைவிங். இப்போது அந்தக் குரலும் இல்லை.

சம்பா அறுப்பு முடிந்தது. நான் குத்தகைக்கு வைத்திருந்த துண்டு நிலத்து நெல்லை ஏரிக்கரை ரோட்டில் காயப்போட்டிருந்தேன். கரைக்குக் கீழே களம். களத்திலிருந்து கரைக்கு ஏற ஒரு மண் சரிவு. காய்ந்த நெல்லைக் கீழே இறக்கி மூட்டை பிடித்தோம். ஏற்றிப்போக அன்புராஜையே கூப்பிட்டேன். வண்டி சரிவில் நின்றது, முகம் கரையைப் பார்த்து, பின்பக்கம் களத்தைப் பார்த்து. பின்கதவைத் திறந்தால் மூட்டையைத் தூக்கிப் போட அதுதான் வசதி.

நல்ல உச்சி வெயில். களத்தில் மரம் கிடையாது. வண்டியின் பின்பக்கம் விழுந்த துண்டு நிழலில், சக்கரத்துக்கு நேராகச் சரிவின் கீழ்ப்பக்கம் கால் நீட்டி உட்கார்ந்து, பிரியதர்ஷினி கோணி ஊசியால் மூட்டை வாய் தைத்துக்கொண்டிருந்தாள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தைத்த மூட்டைகளைக் கலைவேந்தன் என்கிற சுமை தூக்கும் ஆள் எடுத்து மேலே போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மூட்டை விழும்போதும் வண்டி லேசாகக் குலுங்கியது. விஜயராணி இடது சீட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்புராஜ் கரைமேல் என் பக்கத்தில் நின்றான், முதுகு வண்டிக்கு, முகம் எனக்கு. நான் மிச்ச நெல்லைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மச்சான், இப்ப ஒத்துக்கிறியா? பழைய வண்டியா இருந்தா இந்தச் சரிவுல ராணி கீழ எறங்கிக் கல்லத் தூக்கிக்கினு ஓடணும். இப்ப பாரு, மூட்டை ஏற ஏற மலை மாரி நிக்குது."

நான் நிமிர்ந்து அவன் தோளுக்கு மேலே பார்த்தேன். வண்டி அசைந்தது.

குலுக்கல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குலுங்கிய வண்டி நிற்கவில்லை. முன்சக்கரம் மெதுவாகப் பின்னால் சுற்றியது. கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. துடைப்பம் கையிலிருந்து விழுந்தது, அவ்வளவுதான். கலைவேந்தன் அடுத்த மூட்டைக்காகக் குனிந்து, வண்டிக்கு முதுகைக் காட்டியபடி இருந்தான். அந்தப் பெண் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

முன்கண்ணாடிக்குள் விஜயராணி தெரிந்தாள். நிமிர்ந்தாள், பக்கத்தில் பார்த்தாள், பொட்டலத்தோடு டிரைவர் பக்கம் பாய்ந்தாள். சோறு கண்ணாடியில் சிதறியது. இரண்டு கையாலும் எதையோ பிடுங்குவதுபோல இழுத்தாள். வண்டி கிறீச்சிட்டு ஒரு முறை குலுங்கி நின்றது.

மரியதாஸ் கை பட்ட பிரேக் பிடித்துவிட்டது. பின்கதவு பிரியதர்ஷினி தைத்துக்கொண்டிருந்த மூட்டையில் முட்டி, மூட்டை அவள் மடியில் சாய்ந்திருந்தது.

"யாரு மூட்டையத் தள்றது?" என்று காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டுக் கேட்டாள்.

அப்போதுதான் ஓடினேன். அன்புராஜும் என் பின்னால் ஓடி வந்தான். வண்டி நின்ற பிறகுதான் அவன் திரும்பிப் பார்த்திருந்தான். சக்கரம் முன்பு நின்ற இடத்தில், காய்ந்த சேற்றுக் கட்டி ஒன்று மாவாக நசுங்கிக் கிடந்தது. காலி வண்டியை இவ்வளவு நேரம் அதுதான் தாங்கியிருக்கிறது. பாரம் ஏறியதும் பொடிந்துவிட்டது.

விஜயராணி இறங்கினாள். கையெல்லாம் சாம்பார். மகளைப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள், காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் வந்தாள்.

"லிவர் கீழ கெடந்துதுயா."

"கொஞ்சம் அசைஞ்சி புடிச்சிக்கிச்சி. புது கேபிள், அப்டித்தான் கீழ எறங்கும்" என்றான் அவன்.

"நீ போடல. நான் போட்டேன். இப்பதான் போட்டேன்."

"இன்னாடி பேசற? போட்டுட்டுதான எறங்குனேன்? அஞ்சி பல்லு சத்தம் என் காதுலயே கீது. மச்சான், நீயாவது சொல்லு."

அவன் பொய் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போட்டதாகவே நம்புகிறான். பொய் சொல்லியிருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

"யாரும் நம்ப மாட்டீங்களா?" அன்புராஜ் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். வலது கையை நீட்டினான். "எம் பொண்ணு மேல சத்தி…"

விஜயராணி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். நகமில்லாத விரல் அவன் கன்னத்தில் அழுந்தியது. "வாணாம்யா. அவ மேல பண்ணாத. வாணாம்" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மடியில் சாய்ந்த மூட்டையைத் தள்ளிவிட்டு எழ முடியாமல், "எம் பேரு எதுக்கு அடிபடுது?" என்று கேட்டாள் பிரியதர்ஷினி.

அன்புராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் நீட்டியிருந்த காலைப் பார்த்தான். அந்தக் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் மண்ணைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து விஜயராணியின் கையில் வைத்துவிட்டு, களத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.